வெர்னா டல்லிக்குப் பிடிக்காத படம்

ஹேன்லி ஊரின் ஒரே மருந்துக்கடையில், கவுன்டருக்குப் பின்னால் முப்பத்தெட்டு வருஷம் நின்றவள் வெர்னா டல்லி. அத்தனை காலம் ஓர் ஊரின் வயிற்றையும் தோலையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டே நின்றால் மனிதர்கள் மேல் இரக்கம் சுரக்கும் என்று தேவாலயத்தில் யாராவது சொல்லக்கூடும். வெர்னாவுக்குச் சுரந்தது இளக்காரம்தான். இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு அதே வாயில் சிகரெட்டைச் செருகிக்கொண்டு போகிறவனையும், சர்க்கரைக்கு ஊசி வாங்கும் கையோடு கேக் டப்பாவையும் தூக்கிக்கொண்டு நிற்கிறவளையும் அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தப் பார்வை பட்டவர்கள் சில்லறையை எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறிவிடுவார்கள்.

கல்யாணம் ஆகாதவள் இல்லை. லைல் டல்லி என்று டிராக்டர் உதிரிபாகம் விற்கிற ஒருவனோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தினாள். அவன் ஒருநாள், பௌலிங் விளையாடும் இடத்தில் வாடகைக்கு ஷூ எடுத்துக் கொடுக்கிற பெண்ணோடு டெக்சஸுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று தலைவலி மாத்திரை தேவைப்பட்டது. எல்லாரும் கவுன்டருக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவ ஆம்பளைங்க கிட்ட ஷூ சைஸ் மட்டும்தான் கேப்பா. அவனுக்கு அவ்வளவு பேச்சு போதும்," என்றாள் வெர்னா. "உங்களுக்கு மாத்திரை சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா?"

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் லைலைப் பற்றிப் பேசவில்லை.

அவளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஊரே ஒத்துக்கொள்ளும். யாருக்கு என்ன மருந்து போகிறது என்பதை அவள் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. தங்கை ஜோலீன் எத்தனையோ தடவை கிண்டிப் பார்த்திருக்கிறாள். "அடுத்தவன் வியாதியைப் பேசுறவளுக்கு சொந்தமாப் பேச எதுவும் இல்லைன்னு அர்த்தம்," என்று சொல்லி வெர்னா வாயை மூடிவிடுவாள். வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் அந்த வாய் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு ஜூலை மாதம், சனிக்கிழமை மத்தியானம், ஆர்கேடியா தியேட்டர் வாசலில் நிற்க வேண்டி வந்தது. காரணம் அவள் வீட்டு ஏசி. வெள்ளிக்கிழமை காலை ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்கிறவன் திங்கட்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டான். வெளியே பருத்திக் காட்டின் மேல் காற்றே இல்லை. மிசிசிப்பி ஆறு இருக்கிற பக்கத்திலிருந்து ஈர வெக்கை மட்டும் சுவர் ஏறி உள்ளே வந்தது. ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்க்க ஜோலீன் வந்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். சோப்பு விளம்பரத்துக்குக்கூட அழுவாள்.

"எங்கூட படத்துக்கு வா வெர்னா. டுவைட் தியேட்டர்ல ஏசியை இறைச்சி வைக்கிற ஐஸ் ரூம் மாதிரி வச்சிருப்பான். ரெண்டு மணி நேரம் குளுகுளுன்னு இருக்கும்."

"என்ன படம்?"

"சண்டைப் படம். கோடைக்குன்னு வர்றதுல இதுதான் பெருசாம். போன சனிக்கிழமை டிக்கெட்டே கிடைக்கல."

"எவனாவது எதையாவது வெடிக்க வைப்பான். அதைப் பாக்க ஊர் காசு குடுக்கும்."

"நீ பாக்க வேணாம். கண்ணை மூடிட்டு குளிர்ல உக்காரு."

வெர்னா ஒரு ஸ்வெட்டரையும் குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டிக்கெட் வரிசையில் நின்ற முதுகுகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த முதுகுகள். நேர் முன்னால் நெஞ்செரிச்சல். அதற்கு முன்னால் தூக்கமின்மை, அதுவும் நாய்க்கு என்று சொல்லி மாத்திரை கேட்ட தூக்கமின்மை. கதவருகே, கால் விரல் இடுக்கில் பூஞ்சை பிடித்த ஒரு குடும்பம் மொத்தமும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, சோளச் சிப்ஸில் சீஸ் ஊற்றித் தின்றுகொண்டிருந்தது. டுவைட் சோமர்ஸ்தான் டிக்கெட் கிழித்தான், அவனேதான் பாப்கார்ன் அள்ளினான், அவனேதான் மாடிக்கு ஓடிப் படத்தையும் ஓட்டினான். ஒல்லியான ஆள், எப்போதும் வேர்த்துக்கொண்டே இருப்பான்.

"மிஸ் வெர்னா, நீங்களா? எங்க தியேட்டருக்கா?" கல்யாணமானவளானாலும் ஊர் மரியாதைக்கு அவளை மிஸ் என்றுதான் கூப்பிடும்.

"உன் படத்துக்கு வரலை டுவைட். உன் ஏசிக்கு வந்திருக்கேன். அதுக்குத் தனியா டிக்கெட் இருந்தா குடு."

டுவைட் சிரித்துக்கொண்டே ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒரு முழு வெள்ளரிக்காயைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் இலவசமாக வைத்தான். அவள் அதை அப்படியே ஜோலீன் கைக்கு மாற்றினாள்.

உள்ளே கூட்டம் நெருக்கியடித்தது. முதல் வரிசையில் நட்டநடுவில், இரண்டு நாற்காலிக்கான உடம்போடு டாரெல் பிக்கெட் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்கு வருஷக்கணக்காகப் பயிற்சி கொடுப்பவர். ஊரில் பெற்ற தாயைத் தவிர எல்லாரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொல்வதென்றாலும் முதலில் தொண்டையைக் கனைத்து, "பசங்களா" என்று தொடங்குவார், எதிரில் நிற்பது ஆளுநராகவே இருந்தாலும். படம் தொடங்கும் முன்பே எழுந்து திரும்பி, "பசங்களா, போனை அணைச்சு வையுங்க," என்றார். கூட்டம் கைதட்டியது. இதற்கும் ஒரு கைதட்டா என்று வெர்னா ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

படம் ஆரம்பித்தது. கடற்படையிலிருந்து விலகி மீன் பிடித்துப் பிழைக்கும் ஒரு கேப்டன். அவன் மகளை வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் கடத்திக்கொண்டு போய், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் அடைத்து வைக்கிறான். கேப்டன் சட்டையைக் கழற்றுகிறான். கூட்டம் ஊளையிட்டது. வெர்னா டார்ச்சை அடித்துக் குறுக்கெழுத்தைத் திறந்தாள். சத்தம் விடவில்லை. நாற்காலி அதிர்ந்தது, கட்டத்துக்குள் எழுத்து நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

கேப்டனின் பழைய தோழன் ஒருவன், தாடிக்காரன், சட்டைப் பையிலிருந்து பேத்தியின் படத்தை எடுத்துக் காட்டினான்.

"இவன் செத்தான்," என்றாள் வெர்னா.

"சும்மா இரு, நல்லவன் அவன்," என்றாள் ஜோலீன்.

பாப்கார்ன் பாதி தீர்வதற்குள் தாடிக்காரன் செத்தான். ஜோலீன் மூக்கை உறிஞ்சினாள். அடுத்து கேப்டனின் விலாவில் குண்டு பாய்ந்தது. சட்டை முழுக்க ரத்தம். கூட இருந்த பெண் பதறினாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா கீறல்," என்று வெர்னா முணுமுணுத்தாள்.

"ஒன்றுமில்லை, வெறும் கீறல்தான்," என்றான் கேப்டன்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜோலீன் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"இந்தப் படத்தை முன்னாடியே பாத்தியா?"

"இதைப் பாக்க வேற செய்யணுமா? அறுவடை மெஷின்ல விரலை விட்டுட்டு, துணியில சுத்திக்கிட்டு, பிளாஸ்திரி ஒண்ணு குடுங்க போதும்னு எங்கிட்ட வந்து நின்னவனுங்க எத்தனை பேர். எல்லாம் ஒரே பேச்சுதான். இவனுக்கு மட்டும் பின்னாடி தாரை தப்பட்டை அடிக்கிறாங்க."

கூட்டம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. கேப்டன் வெடிக்கும் படகிலிருந்து தாவியதும் வளர்ந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். இதே ஆண்கள் ஒரு தடுப்பூசிக்குக் கையை நீட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பது வெர்னாவுக்குத் தெரியும். மந்தை என்று நினைத்தாள். காசு கொடுத்து மிரளுகிற மந்தை.

படம் பாதியைத் தாண்டியிருக்கும். கேப்டன் எண்ணெய் மேடையின் உச்சிக்கு ஏறிவிட்டான். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றியது. அப்போது டப் என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தோடு எல்லாச் சத்தமும் செத்துப்போனது. திரையில் ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டேயிருந்தது. தியேட்டரில் ஏசி ஓடும் ஓசையும் யாரோ பனிக்கட்டியைக் கடிக்கும் ஓசையும் மட்டும்தான்.

முதலில் ஊளை. பிறகு சீட்டி. பிறகு பாப்கார்ன் பறந்தது. டுவைட் முன்னால் ஓடி வந்து திரை வெளிச்சத்தில் கையை உயர்த்தினான். அவன் சட்டை மேல் ஹெலிகாப்டர் ஓடியது.

"படத்தை நிறுத்தினா மறுபடி கிளப்ப ரொம்ப நேரம் ஆகும். படம் பாட்டுக்கு ஓடட்டும், நான் மேல போய் சத்தத்தைப் பாக்குறேன். யாரும் போயிடாதீங்க."

யாரும் போகவில்லை. போனால் வெளியே வெயில்.

யாரோ ஒரு பையன் உதட்டைப் படபடவென்று அடித்து ஹெலிகாப்டர் சத்தம் போட்டான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் முழுக்க ஹெலிகாப்டர் ஆனது, இடது பக்கம் துப்பாக்கி ஆனது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு முட்டாள்தனத்துக்கு நடுவில் இன்னொரு முட்டாள்தனம்.

திரையில் ஹெலிகாப்டர் விலகியது. கூட்டமும் மூச்சு வாங்க நிறுத்தியது. கேப்டன் ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு அறைக்குள் தள்ளப்பட்டான். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். அவன் நாற்காலியைக் காட்டி வாயைத் திறந்தான்.

வெர்னா தங்கையின் காதில்தான் சொன்னாள். ஆனால் இவ்வளவு நேரம் இடிச்சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி குரல் உயர்ந்திருந்தது. அந்த அமைதியில் அவள் சொன்னது கடைசி வரிசை வரை போனது.

"உக்காருங்க கேப்டன். இன்சூரன்ஸ் அட்டை கொண்டு வந்தீங்களா?"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரனின் உதடு அந்த வார்த்தைகளோடு மூடியது. பிறகு தியேட்டர் வெடித்தது. ஜோலீன் வாயிலிருந்த பாப்கார்ன் முன்னால் இருந்தவன் தலையில் விழுந்தது.

வெர்னாவுக்கு முகம் சுட்டது. இவர்களைச் சிரிக்க வைக்க அவள் வரவில்லை. சிரிப்பு அடங்கியதும் எழுந்து போய்விடுவது என்று ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டாள். ஆனால் திரையில் கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லப் போனான். பின்வரிசைப் பையன் ஒருவன், "உன்னைக் கொன்னுடுவேன்," என்று கேப்டனுக்காகக் கத்தினான். இவ்வளவுதானா உங்கள் மூளை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரைகுறை வேலையைக் கண்டும் சும்மா இருக்க அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை. குரலைத் தாழ்த்தி, ஆண்பிள்ளை மாதிரி ஆக்கி, உதட்டுக்குச் சரியாகப் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. என் பொண்டாட்டிதான் போய்க் காட்டிட்டு வான்னு அனுப்பினா."

ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தை அவளிடமே சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த ஓட்டை எவ்வளவு நாளா இருக்கு?" இது வெள்ளைக் கோட்டுக்காரன்.

"போன மான் வேட்டை சீசன்ல இருந்து." இது கேப்டன்.

"அப்பவே வந்திருக்கலாமே."

"அப்ப இன்னும் மான் கிடைக்கலைங்க."

வெள்ளைக் கோட்டுக்காரன் மேசையிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான். மேடையின் ஒரு பக்கம் தீப்பிழம்பாகக் கிளம்பியது. "பாத்தீங்களா, வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்கன்னு லேபிள்ல எழுதி ஒட்டியிருக்கேன்," என்றாள் வெர்னா. தீ எழும்பியதற்கு இடது பக்கத்தார் வாயாலேயே குண்டு போட்டார்கள். வலது பக்கத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்படி ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் பிடித்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்ததெல்லாம் இப்போது வார்த்தையாக இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாமல் விருந்தாக எடுத்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டாள். கேப்டனுக்குப் பேசினாள், கெட்டவனுக்குப் பேசினாள், கட்டிப்போட்டிருந்த மகளுக்குப் பேசினாள். "அப்பா, சட்டையைப் போடுங்க, எல்லாரும் பாக்குறாங்க." பேச்சு வேகமெடுத்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்கவே நேரமில்லை.

அந்த வேகத்தில்தான் அது நடந்தது. கேப்டன் காயத்தோடு நொண்டி நொண்டி ஹெலிகாப்டருக்குள் ஏறினான். இருக்கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, மெல்ல மெல்ல உட்கார்ந்தான். வெர்னா தொண்டையைக் கனைத்தாள்.

"பசங்களா, என்னால உக்கார முடியாது, நான் நின்னுக்கிட்டே வர்றேன். அப்புறம் அந்த மூலக் களிம்பை என் பேர்ல எழுதாதீங்க, என் மாமியார் பேர்ல எழுதிடுங்க."

குரல் யாருடையது என்று கைக்குழந்தைக்கும் தெரிந்திருக்கும். சிரிப்பு கூரையைத் தொட்டது. தொட்டுவிட்டு, பாதியில் வேறு மாதிரி ஆனது. தலைகள் ஒவ்வொன்றாக முதல் வரிசைப் பக்கம் திரும்பின. அந்தப் பெரிய முதுகு அசையவில்லை.

வெர்னா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கவுன்டர் மேல் குனிந்து, பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அவளிடம் மட்டும் அந்த மனிதர் கிசுகிசுத்த வார்த்தைகள் அவை. ஒரு எழுத்து மாறவில்லை. யாரைப் பற்றியும் பேசாதவள் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் இந்த ஊர் மொத்தத்தையும் அற்பமாகப் பார்த்தாள். இப்போது அதுவும் போயிற்று. அந்தக் கணத்தில் ஹேன்லியிலேயே அவளுக்கு மிக அற்பமாகத் தெரிந்தவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

திரையில் ஹெலிகாப்டர் சத்தமில்லாமல் கிளம்பியது. யாரும் அதற்குச் சத்தம் கொடுக்கவில்லை. ஜோலீன் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

கோச் தொண்டையைக் கனைத்தார். திரும்பவில்லை, எழவில்லை. அந்தக் கனைப்பு ஒரு கணம் தியேட்டரில் அப்படியே நின்றது.

"பசங்களா," என்றார். "என் மாமியார் செத்துப் பல வருஷம் ஆச்சு. களிம்பு இன்னும் அவங்க பேர்லதான் வந்துக்கிட்டிருக்கு."

அன்று மத்தியானம் ஆர்கேடியாவில் எழுந்ததிலேயே பெரிய சிரிப்பு அதுதான். கால்பந்து அணியில் ஆடுகிற பையன்கள் தரையில் காலை உதைத்தார்கள். கோச்சின் முதுகும் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பில் குலுங்கியதா என்று வெர்னாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"மிஸ் வெர்னா, நிறுத்தாதீங்க," என்று யாரோ கூவினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வாக்கியம் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் எடுபடவில்லை. திரையில் கேப்டன் ஹெலிகாப்டரிலிருந்து மறுபடி மேடையில் குதித்துவிட்டான், அவனும் வெள்ளைக் கோட்டுக்காரனும் அதன் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். கெட்டவன் வழுக்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே தொங்கினான். கேப்டன் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

வெர்னா மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை குரலை மாற்றவில்லை. தன் சொந்தக் குரலிலேயே சொன்னாள்.

"லைல், நீயா?"

நடுத்தர வயசைத் தாண்டிய எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

"டெக்சஸ்ல வேலை கிடைக்கலையா? சரி, விழுறதுன்னா விழு. ஆனா காலைக் குடு முதல்ல. அந்த ஷூ வாடகை ஷூ."

கேப்டன் குனிந்து அவன் காலைப் பிடிக்கிற மாதிரியே கையை நீட்டினான். பிடி வழுக்கியது. வெள்ளைக் கோட்டு கடலை நோக்கிச் சுழன்று சுழன்று போனது. "ஒன்பதாம் நம்பர் சைஸ்," என்று அவள் அவன் பின்னால் கூவினாள். ஜோலீன் அழுதுகொண்டே சிரித்தாள். கைதட்டல் அடங்கவே இல்லை. வெர்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கமில்லாத சிரிப்பு என்பதால் இருமல் மாதிரி இருந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

கடைசிக் காட்சியில்தான் டுவைட்டுக்குச் சத்தம் கிடைத்தது. வயலின்கள் இடிபோல இறங்கின. கேப்டன் மகளைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் முடிந்துவிட்டது, என் செல்லமே," என்றான். கூட்டம் மொத்தமாக ஊளையிட்டது. "டுவைட், அதை அணைடா," என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

வெளியே வந்தால் கார் நிறுத்தும் இடத்துத் தாரெல்லாம் இளகிக் கிடந்தது. ஆட்கள் வெர்னாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து சூட்டை வெளியேற்றிக்கொண்டு நின்ற கோச்சிடம் நேராகப் போனாள்.

"நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

கோச் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்தார். "ஆமா மிஸ் வெர்னா. சொல்லியிருக்கக் கூடாது."

அவர் மறுப்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மறுக்காதது அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. பொய்யான பெருந்தன்மை அவளுக்குப் பிடிக்காது.

"மன்னிச்சுக்கங்க," என்றாள். அந்த வார்த்தை அவள் வாய்க்குப் புதுசு. ஏதோ கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி சொன்னாள்.

"இனிமே பசங்க பயிற்சியில என்னைப் பாத்து உக்காரச் சொல்லுவானுங்க. அதை நான் பாத்துக்கிறேன்." வண்டியில் ஏறிக்கொண்டார். மெதுவாகத்தான் உட்கார்ந்தார். "வேற யார் விஷயமும் வெளிய வராம பாத்துக்கங்க. அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு என்னை மாதிரி தடிச்ச தோல் கிடையாது."

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஜோலீன் கேட்டதற்கு வெக்கை என்றுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை ஏசி சரியானது. செவ்வாய்க்கிழமை டுவைட் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பெரிய பாப்கார்ன் வாளி.

"மிஸ் வெர்னா, வாரம் ஒரு தடவை. சத்தத்தை நானே அணைச்சுடறேன். நீங்க பேசுங்க. ஊரே கேக்குது."

"நான் குரங்காட்டி இல்ல டுவைட். உன் தியேட்டர்ல ஒரு குரங்குக் கூட்டம் இருக்குங்கறதுக்காக நான் உடுக்கையைத் தூக்கிட்டு வர முடியாது."

"அப்ப படமாவது பாக்க வாங்க."

"அந்தக் குப்பையையா?"

கதவைச் சாத்திவிட்டாள். வாளியை அவன் படியிலேயே வைத்துவிட்டுப் போனான். குப்பையில் கொட்டத்தான் எடுத்தாள். கொட்டாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து அடி வரை தின்று தீர்த்தாள்.

சனிக்கிழமை ஜோலீன் வந்து அழைக்கும்போது வெர்னா ஏற்கெனவே ஸ்வெட்டரோடு வாசலில் நின்றாள். வீட்டு ஏசி ஒழுங்காக ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று ஜோலீன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும்.

அந்த வாரம் வேறு படம். நடுத்தெருவில் கார்கள் பறக்கிற படம். சத்தம் கச்சிதமாக வேலை செய்தது. வெர்னா உள்ளே வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. அவள் நடுவரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு கதாநாயகன் எரிகிற காரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். "திரும்பிப் பாக்க முடியாது பாவம், கழுத்துப் பிடிப்பு," என்றாள். முன்னும் பின்னும் மூன்று வரிசை குலுங்கியது. அதன் பிறகு அவ்வப்போது ஒன்று விழுந்தது. மூட்டு வலி, வாயு, பல் கூச்சம். யாருடைய குரலும் அதில் இல்லை. ஊரில் எல்லாருக்கும் இருப்பது, எவருக்கும் சொந்தமில்லாதது.

அவளுக்கு நேர் முன்னால் செயின்ட் லூயிஸிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த ஓர் இளைஞன் இருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தான்.

"மேடம், கொஞ்சம் அமைதியா இருக்கீங்களா? நாங்க படம் பாக்கணும்ல."

தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் ஓசை நின்றது. முதல் வரிசையில் தொண்டை கனைக்கப்பட்டது.

"பையா," என்றார் கோச், திரும்பாமலே. "படம் பாக்கணும்னா வீட்டுல டிவி இருக்கு. இங்க அவங்க பேசுவாங்க. நீ அப்படி ஓரமா நகந்து உக்காரு."

நாலா பக்கமும் "நகரு, நகரு" என்று குரல் வந்தது. இளைஞன் எழுந்து, கோக் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போனான்.

வெர்னாவுக்குக் கோபம் வந்தது. இந்த மந்தைக்கும் அவளுக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஒரு வாரத்தில் இவர்களில் ஒருவனுக்கும் மூளை முளைத்துவிடவில்லை, இவர்களைப் பற்றிய அவள் அபிப்பிராயத்திலும் ஒரு எழுத்து மாறவில்லை. இதில் இவர்கள் அவளுக்குக் காவல் வேறு. நிமிர்ந்து, முதல் வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். என் வேலையை நானே பாத்துக்குவேன்."

சரியாக அந்த நேரம் திரையில் கதாநாயகன் போலீஸ் அதிகாரியைப் பார்த்து வாயைத் திறந்திருந்தான். அவன் சொன்னது அவள் குரலில் அமுங்கிப்போனது. அவன் உதடு அந்த வாக்கியத்தோடு தொடங்கி, அந்த வாக்கியத்தோடு மூடியது. தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது.